பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கோட்டக்குப்பத்துப் பெண் போன் செய்தபோது நான் விழுப்புரம் வீட்டில் துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். அவளுடைய திருமணப் பத்திரிகையை இணையப் பக்கமாகச் செய்து, அதன் லிங்க்கை முந்தைய நாள் மாலைதான் அனுப்பியிருந்தோம். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, தேங்காய் ஒட்டிய கையோடு ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அக்கா, அத்தா பேருக்கு முன்னாடி மர்ஹூம்னு வந்திருக்கு" என்றாள்.

காலமானவர்களின் பெயருக்கு முன்னால் முஸ்லிம் குடும்பத்துப் பத்திரிகைகளில் போடுகிற சொல் அது. எங்கள் வீட்டுப் பத்திரிகைகளில் அந்த இடத்தில் தெய்வத்திரு என்று போடுவோம். அவளுடைய அத்தா ஷார்ஜாவில் வேலையில் இருக்கிறார். நல்ல ஆரோக்கியமாக, மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு இருக்கிறார்.

"யாருக்கும் அனுப்பிடலையே?" என்றேன்.

"நைட்டே எல்லா குரூப்லயும் போட்டாச்சு அக்கா. கலரு, டிசைனு எல்லாம் நல்லா இருக்குதேன்னு படிக்காமயே போட்டுட்டேன். அத்தாவும் பாத்துட்டாரு."

"என்ன சொன்னார்?"

"லீவே கேக்க மாட்டேன்றாரு. மௌத்தானவன் எதுக்கு வரணும், பெரியத்தாவே எல்லாத்தையும் பாத்துக்கட்டும்னு போனை வெச்சிட்டாரு."

நிக்காஹில் பெண்ணின் தகப்பனார்தான் வலீ. அவர் வாயால் சம்மதம் சொல்லித்தான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். தகப்பனார் இல்லாத வீட்டில் அவருடைய அண்ணன் தம்பி அந்த இடத்தில் உட்காருவார்கள். இவருக்கு லீவு கிடைப்பது இழுபறியாக இருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று தன் அண்ணனைத் தயாராக வைத்திருந்தார். பத்திரிகையில் அழைப்பவர் பெயரும் அண்ணன் பெயர்தான். ஆக மேலே மர்ஹூம் என்று தகப்பனார் பெயர், கீழே அழைக்கிறவராகப் பெரியப்பா பெயர். பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வராது. ஒரு மனிதரை இவ்வளவு பொருத்தமாக அப்புறப்படுத்த, திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் என்னால் முடிந்திருக்காது.

"அத்தா இல்லாம எனக்கு நிக்காஹ் வேணாம் அக்கா. எப்படி ஆச்சுன்னு கேக்குறாரு, எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க பேசுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் ஓய்வாக இருப்பார் என்றும், அதற்கடுத்த இரண்டொரு நாளுக்குள் மேனேஜரிடம் கேட்டால்தான் லீவுக்கு வழி உண்டு என்றும் சொன்னாள்.

பக்கத்தைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மறுபடியும் ஏற்றினேன். லிங்க் அதேதான், பக்கம் மட்டும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், ஷார்ஜாவில் அவர் அறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் படுத்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? துவையலை அப்படியே விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் ஒரு அண்ணன் பத்திரிகை அச்சகம் வைத்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். முப்பது வருடமாக இந்தப் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அவர் கையால் அச்சானதுதான். காகிதப் பத்திரிகையோடு வாட்ஸ்அப்பில் அனுப்ப இணையப் பக்கமும் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்ததும் என்னைப் பிடித்தார். நான் சென்னையில் பதினோரு வருடம் மென்பொருள் சோதிக்கிற வேலை பார்த்துவிட்டு விழுப்புரத்துக்கே திரும்பி வந்தவள். அவருக்காக ஒரு ஜெனரேட்டர் எழுதிக் கொடுத்தேன். மின்சாரம் தருகிற ஜெனரேட்டர் அல்ல, பக்கம் செய்கிற நிரல். பத்திரிகையின் வடிவம் ஒரு டெம்ப்ளேட்டில் இருக்கும். குடும்ப விவரம் ஒரு ஃபைலில் இருக்கும். நிரல் இரண்டையும் சேர்த்துப் பக்கத்தை முன்கூட்டியே செய்து வைத்துவிடும். ஆள் வந்து கேட்டபின் சுடுகிற தோசை மாதிரி இல்லை, வேகவைத்து அடுக்கிய இட்லி. யார் எப்போது திறந்தாலும் அதே பக்கம்தான். அதனால் முதலிலேயே சரியாக வெந்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் டெஸ்ட். என் நிரலுக்குள் மாதிரிக் குடும்பங்கள் பன்னிரண்டு வைத்திருந்தேன். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்கு நான்கு பட்டம். இன்னொரு வீட்டில் குலதெய்வத்தின் பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன் ஏழு பேர், ஏழு பேருக்கும் பெயர் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சண்டை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பக்கம் எப்படி வர வேண்டும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டு வைத்திருப்பேன். டெம்ப்ளேட்டில் எதை மாற்றினாலும் நிரல் தானாகவே பன்னிரண்டு பக்கங்களையும் புதிதாகச் செய்து, ஒப்புக்கொண்ட பக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. மாற்றம் நான் விரும்பிச் செய்ததுதான் என்றால், புதியதை ஏற்கிறேன் என்று தட்ட வேண்டும். அதற்குப் பிறகு புதியதுதான் அளவுகோல். இந்த ஏற்பாட்டில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. காதுகுத்துப் பத்திரிகைக்கு இப்படி டெஸ்ட் வைத்திருக்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

விக்கிரவாண்டி தாண்டும்வரை அண்ணனைத் திட்ட வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். தவறு அவர் பக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அந்தச் சொல் பக்கத்தில் வருவதும் வராததும் அவர் அடிக்கிற டிக்கில் இருந்தது.

அவருடைய ஆர்டர் ஃபாரம் ஒரு தனி விஷயம். ஃபாரத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் எழுத ஆரம்பிப்பார். முஸ்லிம் வீட்டு ஃபாரம் என்றால் மஞ்சள் இல்லை, மேலே 786 என்று எழுதிக்கொள்வார். பத்திரிகை வைக்கிற வீட்டில் தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கட்டம். உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் டிக். காலமானவர்களுக்கு ஒன்றும் எழுத மாட்டார், கட்டம் காலியாக இருக்கும். கல்யாண ஃபாரத்தில் செத்தவர், இறந்தவர், காலமானவர் என்று எந்த வார்த்தையும் எழுதக் கூடாது என்பது அவருடைய கட்டளை. வருகிறவர்களும் சொல்ல மாட்டார்கள். கெடாரிலிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்தில், மாப்பிள்ளையின் அப்பா பெயரைச் சொன்ன கையோடு அம்மா தலையைக் குனிந்துகொண்டதையும், அண்ணன் டிக் அடிக்காமல் அடுத்த வரிக்குப் போனதையும் நானே பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருக்கும் புரிந்துவிட்டது.

முதலில் எல்லாம் தெய்வத்திரு என்பதையும் மர்ஹூம் என்பதையும் அவரே பெயரோடு சேர்த்து டைப் செய்து கொடுப்பார். அவர் டைப் செய்கிற லட்சணத்தில் தெய்வமே தடுமாறும். அதனால் ஒரு வருடத்துக்கு முன்னால் டெம்ப்ளேட்டை மாற்றினேன். ஃபாரத்தில் இருப்பதுபோலவே ஃபைலிலும் டிக் இருந்தால் பெயர் மட்டும். டிக் இல்லாவிட்டால் குடும்பத்துக்கேற்ற சொல்லை டெம்ப்ளேட்டே பெயருக்கு முன்னால் போட்டுவிடும். அவர் வழக்கத்தைத்தான் நான் நிரலாக்கினேன்.

அச்சகத்தில் அண்ணன் அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் தயார் செய்திருந்த வாக்கியங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் தோலைக் கூட்டி ஒதுக்கிவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினார். கோட்டக்குப்பத்துப் பெண் ஃபாரம் எழுதவே வரவில்லை. விவரம் முழுவதையும் வாட்ஸ்அப்பில் அவளே டைப் செய்து அனுப்பியிருந்தாள். அதை எடுத்து அப்படியே ஃபைலில் ஒட்டியிருக்கிறார்.

"டிக் அடிக்கிற எடமே அதுல இல்லியேம்மா. இல்லாத எடத்துல நான் எங்க போயி அடிக்கிறது?" என்றார்.

நியாயம்தான். காலியான கட்டம் வேறு, கட்டமே இல்லாதது வேறு. என் டெம்ப்ளேட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் இறப்பாகவே எடுத்துக்கொண்டது. முப்பது வருடம் காகிதத்தில் இந்தத் தவறு வந்திருக்காது. ஏனென்றால் காகிதத்துக்குப் பின்னால் அண்ணன் இருந்தார், தலை குனிவதைப் பார்க்கிற கண் இருந்தது.

"மிஷினே எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிக்கும்னு சொல்லிக்கினே இருப்பியே. அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பைத் திறந்து டெம்ப்ளேட்டை மாற்றிய நாளின் பதிவைத் தேடினேன். என்றைக்கு எதை மாற்றினேன், எந்த டெஸ்ட் சிவப்பானது, யார் ஏற்றார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஏற்பவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு ஒரே ஒரு டெஸ்ட் சிவப்பாகியிருந்தது. முதல் மாதிரிக் குடும்பம். பழைய வரியும் புதிய வரியும் மேலும் கீழுமாக நின்றன. பழைய வரியில் ஒரு பெயர். புதிய வரியில் தெய்வத்திரு என்ற சொல்லுக்குப் பின் அதே பெயர். அடுத்து, ஏற்கப்பட்டது.

அந்தப் பெயர் என் அப்பாவுடையது.

நிரலை எழுத ஆரம்பித்த அன்று மாதிரிக்கு என்று கையில் எதுவும் இல்லை. பீரோவிலிருந்த என் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்து அதையே முதல் மாதிரியாக டைப் செய்தேன். அப்போது அப்பா இருந்தார். பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு, இந்தப் பத்திரிகையை யார் இப்போது கேட்டார்கள் என்று சத்தம் போட்டுக் கேட்டார். மற்ற பதினொன்றும் பிறகு நான் கற்பனையாகச் சேர்த்த குடும்பங்கள். டெம்ப்ளேட்டை மாற்றியபோது அந்தப் பதினொன்றையும் திறந்து டிக் சேர்த்தேன். முதலாவதை மட்டும் திறக்கவில்லை. ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் மறதி என்றிருப்பேன். அப்பா போய் ஐந்து மாதம்கூட ஆகாத நேரம் அது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. வங்கி, கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு. எழுதினேனே தவிர வாயால் யாரிடமும் சொன்னதில்லை. கடையில் அப்பா எப்படி இருக்கிறார் என்று யாராவது கேட்டால், பில்லை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரர்தான் பின்னால் நின்று பதில் சொல்லிவிட்டு வருவார்.

அந்தச் சிவப்பு வரியைப் பார்த்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் தெய்வத்திரு என்று அப்பா பெயர். நான் சொல்லாமலே இதற்குத் தெரிந்திருக்கிறதே என்று அந்த இயந்திரத்தின் மேல் ஒரு முட்டாள்தனமான நன்றிகூட வந்தது. சரியாகத்தானே வந்திருக்கிறது என்று நினைத்து, ஏற்கிறேன் என்று தட்டிவிட்டு முகம் கழுவப் போனேன்.

அது சரியாக வரவில்லை. டிக் கட்டமே இல்லாத ஃபைல் அது ஒன்றுதான். கட்டம் இல்லாவிட்டால் உயிரோடிருப்பவரையும் செத்தவராக்கிவிடுவேன் என்று என் டெஸ்ட் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. நான் எழுதிய டெஸ்ட் வேலை செய்திருக்கிறது. நான்தான் அதை அப்பாவைப் பற்றிய செய்தியாகப் படித்துவிட்டேன்.

அண்ணனிடம் எதுவும் சொல்லாமல் லேப்டாப்பை மூடினேன். அவர் மல்லாட்டையில் ஒரு கை அள்ளி என் பக்கம் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷார்ஜாவுக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருந்தேன். அவர் எடுத்ததும் காகிதம் பயன்படவில்லை.

"நீங்கதானாம்மா என்னை அனுப்பி வெச்சது?" என்றார். குரலில் கோபத்தைவிடச் சோர்வுதான் இருந்தது.

"நான்தான் பாய். மன்னிச்சுக்கோங்க. யார் மேலயும் தப்பு இல்ல, என் தப்பு."

"மன்னிப்பு கெடக்கட்டும். எப்படி ஆச்சு, அதைச் சொல்லுங்க."

டிக் அடிப்பது, காலியாக விடுவது, அவர் மகள் அனுப்பிய விவரத்தில் கட்டம் இல்லாமல் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "டெஸ்ட் எதுவும் வெக்கலியா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வெச்சிருந்தேன்."

"அடிச்சுதா?"

"அடிச்சது."

"அப்புறம்?"

"நான் நிறுத்திட்டேன்."

ஏன் என்று கேட்டார். சொல்லாமல் சமாளித்திருக்கலாம். மாதிரி ஃபைலில் இருந்தது என் அப்பா பெயர் என்று மட்டும் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். இறப்புச் செய்தி கேட்டால் ஓதுகிற வரியை, இன்னாலில்லாஹி என்று ஆரம்பித்து மெதுவாகச் சொன்னார். ஆறுதல் சொல்லவில்லை. கட்டடங்களில் தீ அலாரம் பராமரிக்கிறதுதான் தனக்குப் பதினேழு வருடமாக வேலை என்று சொன்னார்.

"ஒரு நாளு பத்து மணிக்கு டெஸ்ட்னு எல்லா ஃபுளோருக்கும் சொல்லி வெச்சிருந்தேன். பத்துக்கு பத்து நிமிசம் இருக்கச் சொல்லவே அடிச்சிடுச்சு. நம்ம பசங்க ஜல்தி பண்ணிட்டானுங்கன்னு நெனைச்சி நானே போயி நிறுத்திட்டேன். பாத்தா மேல ஒரு வீட்டு கிச்சன்ல நெசமாவே பத்திக்கினு எரியுது. ஆளுக்கு ஒண்ணும் ஆவல, அல்லாஹ் காப்பாத்தினான். அதுலேர்ந்து எது அடிச்சாலும், எந்த ஃபுளோரு, எதுக்கு அடிக்குதுன்னு போயி கண்ணால பாத்துட்டுத்தான் கைய வெப்பேன்."

பிறகு என் விஷயத்துக்கு வந்தார். "என் பேரை சரி பண்ணிட்டீங்க, பாத்தேன். அது போதாதும்மா. நாளைக்கி இன்னொருத்தன் பேருக்கு முன்னாடி வராதுன்னு உங்களால சொல்ல முடியுமா? அதை முடிச்சிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அப்புறம் நான் மேனேஜர்கிட்ட போறேன்."

அவருக்கு இறங்கி வர ஒரு படி வேண்டியிருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் நிக்காஹில் அவள் அத்தா உட்காருவது என் கையில் இருக்கிறது என்றுதான் பட்டது. உடனே பஸ் பிடித்தேன்.

திருத்தம் என்று பார்த்தால் சின்ன விஷயம். காலியாக இருப்பதற்கு அர்த்தமே இருக்கக் கூடாது. இருக்கிறார் என்றால் அப்படி எழுத வேண்டும், காலமானார் என்றால் அப்படி எழுத வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நிரல் பக்கமே செய்யாமல் நின்று கேட்க வேண்டும். அண்ணனிடம் சொன்னேன். அவர் ஃபாரத்தை என்னிடமிருந்து பிடுங்காத குறை.

"கல்யாண ஃபாரத்துல போயி அந்த வார்த்தைய எழுதச் சொல்றியே, எவம்மா எழுதுவான்? பெத்தவங்க எதிர்ல ஒக்காந்துக்கினு இருக்கச் சொல்ல நான் எப்படி எழுதுறது?"

"எழுதாம விட்டதாலதான் அண்ணே இவ்ளோ பேஜாரு."

"அதுக்குன்னு மஞ்ச தடவின பேப்பர்ல எழவ எழுத முடியாது."

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். நான் லாஜிக் பேசினேன், அவர் சகுனம் பேசினார். இரண்டு டீ வந்து ஆறிப் போயின. கடைசியில் அவரே ஸ்கேலை எடுத்து, ஒரு கட்டம் இருந்த இடத்தில் இரண்டு கட்டம் போட்டார். முதல் கட்டத்தின் மேல், இருந்து வாழ்த்துபவர் என்று எழுதினார். இரண்டாவதன் மேல், மேலிருந்து வாழ்த்துபவர் என்று எழுதினார்.

"ரெண்டுல ஒண்ணுல டிக் அடிச்சே ஆவணும். எல்லாருமே வாழ்த்துறவங்கதான். இப்ப யாரு கோவிச்சுக்குவாங்க?" என்றார்.

பதினோரு வருடம் சென்னையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசியதில் இந்த மாதிரி ஒரு தீர்வை நான் கேட்டதில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். ஸ்கேலைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து டெம்ப்ளேட்டை மாற்றினேன். கற்பனைக் குடும்பங்கள் பதினொன்றுக்கும் எந்தக் கட்டம் என்று குறித்தேன். எந்தக் கட்டமும் இல்லாத ஒரு மாதிரியும் தேவை. அப்படி ஒன்று வந்தால் நிரல் நின்றுவிடுகிறதா என்று சோதிக்க வேண்டுமே. அதற்கு முதல் ஃபைல் இருக்கிறது, அதில்தான் எந்தக் கட்டமும் இல்லை. அப்படியே விட்டேன். ஓட்டிப் பார்த்தால் நிரல் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் பக்கம் செய்ய மறுத்தது. தந்தை பெயருக்கு எதுவும் குறிக்கப்படவில்லை என்று செய்தி வந்தது. அதுதான் எதிர்பார்த்த விடை என்று டெஸ்ட்டிலும் எழுதினேன். எல்லாம் பச்சை.

ஷார்ஜாவுக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தேன். முடிந்தது என்று டைப் செய்துவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தேன். வேலை தொழில்முறையில் சுத்தமாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதாமல் விடக் கூடாது என்று ஒரு பெரியவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டவள், தன் அப்பாவுக்கு மட்டும் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு, அதற்கு டெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறாள். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. எந்தக் கட்டமும் இல்லாத இடத்துக்கு ஒரு கற்பனைக் குடும்பத்தைப் புதிதாக எழுதினேன். பிறகு முதல் ஃபைலைத் திறந்தேன். அப்பாவுக்கு இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஓட்டியதும் சிவப்பு வந்தது. வரத்தான் வேண்டும். இந்தத் தடவை உடனே தட்டவில்லை. பக்கம் முழுவதையும் மேலிருந்து படித்தேன். குலதெய்வம், முகூர்த்த நேரம், மண்டபம், அம்மா பெயர், தெய்வத்திரு, அப்பா பெயர். எதுவும் தவறில்லை. ஏற்கிறேன் என்று தட்டினேன். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நடித்தேன். அண்ணன் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி நடித்தார்.

செய்தியை அனுப்பினேன். எத்தனை டெஸ்ட் என்று பதில் வந்தது. பதின்மூன்று என்றேன். எல்லாம் ஓகேவா என்றார். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன். மறுநாள் சாயங்காலம் கோட்டக்குப்பத்திலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டு, ஆறு நாள்தான் கொடுத்தார்களாம், ஆனால் அத்தா டிக்கெட் போட்டுவிட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

நிக்காஹுக்கு என்னை அழைத்திருந்தார்கள். புதுச்சேரி போய் அங்கிருந்து ஆட்டோவில் போனேன். ஆண்கள் கீழே கூடத்தில், பெண்கள் மாடியில். பெண்ணைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்தேன். குத்பா பிரசங்கம் முடிந்தது. நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத் கீழே ஏதோ கேட்டார். அதற்கு வலீ பதில் சொன்னார். போனில் கேட்ட அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது. என்னுடைய மகளை, என்று சொல்லி மகள் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அவர் பெயர் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் பெயர்.

மாடியில் பெண்கள் துஆவுக்குக் கையேந்தினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். கைக்குட்டையை எங்கோ விட்டிருந்தேன். பக்கத்து நாற்காலி அம்மா தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கொடுத்து, பெண்ணுக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். பத்திரிகைப் பக்கம் செய்தவள் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது நீங்கதானா?" என்றார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். "அதான் அவர் வந்துட்டாரே. இன்னும் எதுக்கு அழுவுறீங்க?"

"எங்க அப்பா செத்துட்டாரும்மா" என்றேன். ஒன்றரை வருடத்தில் நானாக அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.